எந்தத் திருப்பத்தூர்?

சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் திருச்சி வானொலிதான். 1939-இல் தொடங்கிய நிலையம். அப்பாவும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தார். அப்புறம் நானே காரைக்குடியிலிருந்து பஸ் ஏறிப் போய், ஒரு நிலையத்தில் பகுதி நேரமாகச் செய்தி வாசிக்கத் தொடங்கினேன்.

செய்தி எழுதிய தாள்களைச் சேர்த்துப் பின் அடிக்க மாட்டோம். புரட்டினால் சரசரப்பு மைக்கில் விழும். வாசித்த தாளைச் சத்தமில்லாமல் நகர்த்தி வைக்க வேண்டும். மூச்சு விட வேண்டிய இடங்களில் பென்சில் கோடு போட்டுக்கொள்வேன். கண்டவராயன்பட்டி, கீழச்சிவல்பட்டி போன்ற பெயர்களில் மற்றவர்கள் தடுமாறுவார்கள். எனக்கு அவை நாக்கில் ஊறியவை. ஊர்ப் பெயரில் நான் தவற மாட்டேன் என்றே நம்பியிருந்தேன்.

1990-களின் தொடக்கத்தில் ஒரு மாலை, கடைசி நேரத்தில் துண்டுச் சீட்டு வந்தது: திருப்பத்தூர் அருகே பேருந்து கவிழ்ந்தது. மாவட்டப் பெயர் இல்லை. எங்கள் திருப்பத்தூர் அன்று பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம். இன்னொன்று வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். நேரம் போதவில்லை என்றால் முதலில் வெட்டுப்படுவது இந்த நீளப் பெயர்கள்தான். வேலூர்ச் செய்தியாளர் அனுப்பியது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது கேட்பவர்களுக்கும் தெரியும் என்பது போல, இருந்ததை அப்படியே வாசித்தேன்.

இரவு வீடு திரும்பினால், பக்கத்து வீட்டு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மகன் காலையில் திருப்பத்தூர் போயிருந்தார். எட்டரைக்கே வந்து சாப்பிட்டுப் படுத்தும்விட்டார். ஆச்சி எனக்காக விழித்திருந்தார்கள். "தம்பி, எந்தத் திருப்பத்தூருன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ரெண்டு மணி நேரம் உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு இருந்தேன்ப்பா." கோபமே இல்லாமல் கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை.

மாவட்டப் பெயரைச் சொல்ல மூன்று விநாடி போதும். அதற்காக வேறு செய்தியில் ஒரு வரியைக் குறைக்கச் சொல்லி, பின்னாளில் எத்தனையோ முறை செய்தி ஆசிரியர்களிடம் வாதாடியிருக்கிறேன். சிலருக்கு என்மேல் எரிச்சல்தான். 1997-இல் நீளப் பெயர்கள் போய், எங்களுடையது சிவகங்கை மாவட்டம் ஆனது. 2019-இல் அந்தத் திருப்பத்தூரே தனி மாவட்டமாகிவிட்டது. குழப்பம் மட்டும் தீரவில்லை.

ஆச்சி இப்போது இல்லை. டிவியில் திருப்பத்தூர் என்று விபத்துச் செய்தி ஓடினால் அவர்கள் மகன் எனக்குப் போன் செய்வார். தெரிந்தால் உடனே சொல்வேன். இல்லையென்றால் விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுவேன்.