அக்காவிடம் போக ஒரு விசா

11.03.2025, செவ்வாய், இரவு 10:40

லீட்ஸ் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். 11:15க்கு லண்டன் வண்டி. ஜெர்மனி விசா மையம் மான்செஸ்டரிலேயே இருக்கிறது, இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஆனால் மூன்று வாரமாகத் தினமும் பார்த்தும் ஏப்ரல் கடைசி வரை அங்கே ஒரு நேரமும் காலியில்லை. போன வாரம் நைட் டூட்டியில், இரண்டு மணிக்கு டீ குடிக்கப் போனபோது பார்த்தேன். லண்டனில் யாரோ ரத்து செய்த ஒரு நேரம் கிடந்தது. நாளைக் காலை 9:30. டீயை அப்படியே வைத்துவிட்டுப் பதிவு செய்தேன்.

அக்காவுக்கு ஏப்ரல் 18 என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். முதல் பிள்ளை. ஸ்டுட்கார்ட்டில் அவளும் அத்தானும் மட்டும்தான். அம்மா இருந்திருந்தால் ஏழாம் மாதமே வளைகாப்பு போட்டு முக்கூடலுக்குக் கூட்டிப் போயிருப்பாள். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. அக்கா என்னிடம் வா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "உனக்கு லீவு கிடைக்குமாட்டி?" என்று மட்டும் கேட்டாள். அதற்குமேல் அவள் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே நர்ஸ் வேலைக்கான விசா இருந்தாலும் இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஜெர்மனி போகத் தனியாக ஷெங்கன் விசா வேண்டும், ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா அது. பிரிட்டன் அந்த வட்டத்தில் எப்போதும் இருந்ததில்லை. ஃபைலை நாலு தடவை சரிபார்த்துவிட்டேன். மூன்று மாத வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, வார்டிலிருந்து விடுப்புக் கடிதம், 30,000 யூரோவுக்குக் காப்பீடு, அக்காவின் அழைப்புக் கடிதம். கர்ப்பிணிகளுக்கு அங்கே முட்டர்பாஸ் என்று ஒரு குறிப்பேடு கொடுக்கிறார்கள். பிரசவ தேதி போட்ட அதன் பக்கத்தையும் நகல் எடுத்து அனுப்பியிருந்தாள்.

12.03.2025, புதன், காலை 6:20

விக்டோரியா கோச் நிலையம். ஐந்து மணிக்கு முன்பே இறக்கிவிட்டார்கள். 1932இல் திறந்த கட்டடம், வெளியே பார்க்க அழகு. உள்ளே இரும்பு நாற்காலி, எலும்பு வரைக்கும் குளிர். வண்டியில் தூக்கம் பிடிக்கவில்லை. ஊர் ஊராக நின்றது, நிற்கும்போதெல்லாம் எல்லா விளக்கும் எரிந்தது. என் இருக்கையில் சார்ஜ் போடும் இடம் வேலை செய்யவில்லை, போனில் 34 சதவீதம்தான் இருக்கிறது.

இட்லியும் மிளகாய்ப்பொடியும் கொண்டு வந்திருக்கிறேன். நாலில் இரண்டு இப்போது, இரண்டு மத்தியானத்துக்கு.

12.03.2025, புதன், மாலை 5:30, திரும்பும் வண்டியில்

நடந்ததை இப்போதே எழுதிவிடுகிறேன். வீட்டுக்குப் போனால் படுத்துவிடுவேன்.

38ஆம் எண் பேருந்தின் மாடியில் முன்சீட்டு கிடைத்தது. லண்டன் பேருந்தில் எவ்வளவு தூரம் போனாலும் 1.75 பவுண்டுதான். ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த வண்டி ஏறினால் அதற்குக் காசில்லை. அந்தக் கணக்கிலேயே மாறி ஏறினேன். பிக்காடில்லியில் வண்டி நகரவே இல்லை. மழை வேறு. வயிறு கலங்கிக்கொண்டே இருந்தது, ஆனாலும் 9:10க்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

விசா மையத்தின் ஜன்னலில் இருந்தவர் ஒவ்வொரு தாளாகத் தள்ளினார். சரி, சரி, சரி. நான் இங்கே தங்க அனுமதி உள்ளதைக் காட்டும் தாள் வந்ததும் நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் அதற்குப் பிளாஸ்டிக் அட்டை இருந்தது. என்னுடையது உட்பட ஏராளமான அட்டைகளில் போட்டிருந்த கடைசித் தேதி 31.12.2024. அதற்குப் பிறகு எல்லாம் ஈ-விசா. நாம் இணையத்தில் ஒரு ஷேர் கோடு எடுத்துக் கொடுத்தால் எதிரில் இருப்பவர் நம் நிலையைப் பார்க்கலாம். அந்தக் கோடு மூன்று விதம். வேலைக்குக் காட்ட டபிள்யூ, வாடகை வீட்டுக்கு ஆர், மற்ற எல்லாவற்றுக்கும் எஸ் என்று தொடங்கும். நான் மருத்துவமனைக்காக எடுத்த டபிள்யூ கோட்டையே அச்செடுத்து வைத்திருந்தேன். நாலு தடவை பார்த்தும் அந்த ஓர் எழுத்து என் கண்ணில் படவில்லை.

"எஸ் கோடு வேண்டும், தாளில் வேண்டும். அரை மணிக்குள் வந்தால் இன்றே எடுத்துக்கொள்கிறோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் உள்ளே அச்செடுக்க வழியில்லை, போனை எடுக்கவும் அனுமதியில்லை. இன்று விட்டால் அடுத்த நேரம் எப்போது கிடைக்கும் என்று அவருக்கும் தெரியாது.

மழையில் ஓடினேன். இரண்டாவது திருப்பத்தில், பால் பாக்கெட்டும் செய்தித்தாளும் விற்கும் சின்னக் கடையில் 'போட்டோகாப்பி' என்று எழுதியிருந்தது. உள்ளே போய் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தமிழோ?" என்றார். யாழ்ப்பாணத்து அண்ணன். போனைத் திறந்தால் 9 சதவீதம். உள்நுழைய ஒரு பாதுகாப்பு எண் குறுஞ்செய்தியில் வர வேண்டும், அது வரவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அவசரப்படாதேங்கோ தங்கச்சி. முதல்ல போனை இதில சொருகுங்கோ" என்று கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த தன் சார்ஜரைக் கழற்றிக் கொடுத்தார். இரண்டாம் முறை கேட்டதும் எண் வந்தது. எஸ் என்று தொடங்கும் கோடு. இரண்டு பக்கம், 40 பென்ஸ். என்ன அவசரம் என்று கேட்டார், சொன்னேன். "அக்காவுக்கு முதல் பிள்ளையோ? ஓடுங்கோ, ஓடுங்கோ" என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

நாலு நிமிடம் மிச்சம் வைத்துத் திரும்பினேன். பணம் கட்டினேன். விசாவுக்கு 90 யூரோ, அதைப் பவுண்டில் வாங்குகிறார்கள், மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

அப்புறம் கைரேகை. வலக்கை நாலு விரல் வைத்தேன், விழவில்லை. ஈரத்தாளால் துடைத்துவிட்டு வைத்தேன், விழவில்லை. கைரேகை எடுத்த பெண் என் விரல்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நர்ஸா?" என்று கேட்டாள். ஒரு நோயாளியைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும் கை கழுவ வேண்டும். ஒரு ஷிஃப்டில் எத்தனை தடவை என்று யாரும் எண்ணுவதில்லை. ஸ்பிரிட் ஜெல் பட்டுப் பட்டு எங்கள் வார்டில் பாதிப் பேருக்கு விரல்நுனி வெடித்து வழவழவென்று ஆகிவிட்டது.

அங்கே நிற்கும்போது அம்மாவின் கைதான் ஞாபகம் வந்தது. முப்பது வருடம் பீடி சுற்றிய கை. ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம் வைத்த புதிதில், அம்மா விரலை மாற்றி மாற்றி வைத்தும் விழாமல் வெறும் பையோடு திரும்பி வந்தாள். நான் அப்போது ஊரில்தான் இருந்தேன். "தேஞ்சு போச்சுளா" என்று விரலை என்னிடம் நீட்டிக் காட்டினாள். அந்தக் கையால்தான் என்னை நர்சிங் படிக்க வைத்தாள். அக்காவை என்ஜினீயர் ஆக்கியதும் அந்தக் கைதான்.

ஐந்தாவது முறை, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, அந்தப் பெண்ணே என் விரல்மேல் தன் விரலை வைத்து மெதுவாக அழுத்தினாள். பத்தும் பதிந்தன. 59 மாதம் கணினியில் இருக்குமாம், அடுத்த முறை இந்தப் பாடு இருக்காது.

வெளியே வரும்போது 12:50. ஊர் திரும்ப 1:30க்குப் பதிவு செய்திருந்த வண்டியைப் பிடிக்க முடியவில்லை. அந்தச் சீட்டு போனது போனதுதான். நாலு மணி வண்டிக்குப் புதிதாக 23 பவுண்டு. மிச்ச இட்லியை விக்டோரியா ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பூங்கா பெஞ்சில் சாப்பிட்டேன், மழை விட்டிருந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். "சாப்டியாட்டி?" என்றுதான் முதலில் கேட்டாள். கோடு மாறிய கதையைச் சொல்லவில்லை, எல்லாம் நல்லபடி முடிந்தது என்று மட்டும் சொன்னேன்.

எம்1 சாலையில் வேலை நடக்கிறது. வண்டி ஊர்கிறது. கால் வீங்கிவிட்டது, ஷூவைக் கழற்றிவிட்டேன்.

13.03.2025, வியாழன்

நேற்று வீடு சேரும்போது 10 மணி. பதினோரு மணி நேரம் தூங்கினேன். இன்று இரவு டூட்டி.

22.03.2025, சனி

பதில் இல்லை. பதினைந்து நாள் வரை ஆகலாம் என்பது விதி, இன்று பத்தாவது நாள். ஊரிலிருந்து சித்தி பிரசவ லேகியமும் கருப்பட்டியும் அனுப்பிவிட்டாள். பார்சல் என் அலமாரியில் இருக்கிறது, திறக்கும்போதெல்லாம் சுக்கு வாசனை.

28.03.2025, வெள்ளி

டூட்டி முடிந்து காலை எட்டரைக்கு வந்து படுத்தேன். பதினொன்றுக்குக் கூரியர்காரர் கதவைத் தட்டினார். உறையைக் கிழிக்கக் கை வரவில்லை, கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டினேன். பதினாலாம் பக்கத்தில் ஸ்டிக்கர். ஏப்ரல் 14 முதல் மே 19 வரை, தங்க 21 நாள், ஒரு முறை நுழையலாம். பெயரின் எழுத்துகள், கடவுச்சீட்டு எண் எல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

ஏப்ரல் 14 சித்திரை ஒன்று. அன்றே கிளம்புகிறேன்.

ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். பதில் எழுதவில்லை, உடனே கூப்பிட்டுவிட்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "லேகியத்த கைப்பைல வைக்காதட்டி, பெரிய பெட்டில வை" என்றாள்.