ஐப்பசி மழையும் ஒரு மெழுகுச் சட்டையும்: கும்பகோணம் முதல் கோடியக்கரை வரை

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் டெல்டாவில் குடையை நம்பிப் பயனில்லை. கடற்காற்றோடு சேர்ந்து மழை பக்கவாட்டில் அடிக்கும். வயலில் களையெடுக்கிற பெண்கள் உரச்சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொள்வது அதனால்தான். தலையும் முதுகும் மறையும், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். கும்பகோணத்தில் வண்டியை எடுத்து வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை போகிறவருக்கும் அதே தேவைதான். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் சம்பா வயல், ஒதுங்க மரம்கூட இல்லாத நீண்ட வெளிகள். இந்தப் பாதைக்குப் பழைய மெழுகுத் துணி ஜாக்கெட்டைவிடப் பொருத்தமான உடுப்பை நான் பார்த்ததில்லை. வெயில் நாட்டில் அது எதற்கு என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் மெழுகும் எண்ணெயும் கலந்து ஏற்றினால் அதுதான் மெழுகுத் துணி. இதன் பூர்வீகம் பாய்மரக் கப்பல். பழைய பாய்த்துணியில் ஆளிவிதை எண்ணெய் பூசி மாலுமிகள் மேலங்கி தைத்துக்கொண்டார்கள். அந்த எண்ணெய் நாளாக ஆக மஞ்சளாகி, விறைத்து, மடிப்பில் வெடித்துவிடும். பின்னால் பாராஃபின் மெழுகு ஏற்றிய பருத்தி வந்ததும் அந்தக் குறை தீர்ந்தது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் சவுத் ஷீல்ட்ஸ் துறைமுகத்தில் ஜான் பார்பர் 1894இல் கடை வைத்தது கப்பல்காரர்களையும் துறைமுகத் தொழிலாளர்களையும் நம்பி. 1924இல் தொடங்கிய பெல்ஸ்டாஃப் நிறுவனம் மோட்டார் சைக்கிள்காரர்களுக்குத் தைத்துப் பெயர் வாங்கியது. மழை, உப்புக்காற்று, முள், வண்டி என்று அந்தச் சட்டை எதற்காகப் பிறந்ததோ அத்தனையும் நம் கீழத்தஞ்சையிலும் இருக்கிறது. குளிர் ஒன்றுதான் இல்லை.

மழை எப்படித் தடைபடுகிறது என்று தெரிந்தால் எங்கே ஒழுகும் என்பதும் தெரிந்துவிடும். இழைகளுக்கு நடுவே உள்ள சந்துகளை மெழுகு அடைக்கிறது. அதையும் தாண்டி ஈரம் உள்ளே போனால் பருத்தி இழை ஊறிப் பருத்து மிச்சச் சந்தை இறுக்குகிறது. ஆகவே மெழுகு தேய்ந்த இடத்தில்தான் முதலில் ஒழுகும். தோள்தையல், முழங்கை மடிப்பு, பையின் வார் உரசும் இடம், பெட்ரோல் டேங்க்கில் வயிறு உரசும் இடம், இந்த நான்கையும் கிளம்புவதற்கு முதல்நாளே பார்க்க வேண்டும். ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடினால் சரி. கறுத்துப் படர்ந்தால் அங்கே மெழுகு இல்லை.

நைலான் மழைக்கோட்டு லேசு, விலையும் குறைவு. ஆனால் அதன் உள்பக்கத்துப் பாலியூரித்தேன் பூச்சு ஈரத்திலும் சூட்டிலும் வேதியியல் ரீதியாகவே சிதைகிறது. சில வருஷம் பீரோவில் கிடந்தால் போதும், பிசுபிசுவென்று ஒட்டி, சுண்ணாம்பு உரிவதுபோல உரிய ஆரம்பிக்கும். உரிந்த பூச்சைத் திரும்ப ஏற்ற வழி கிடையாது, கோட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். டெல்டாவின் புழுக்கத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மெழுகுச் சட்டையில் போவது மெழுகு மட்டும். அதை வீட்டிலேயே திரும்பப் போட்டுக்கொள்ளலாம். இருபது, முப்பது வருஷச் சட்டைகள் இன்னமும் ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

கும்பகோணத்தை விட்டுக் கிளம்பும் முன் மேற்கே சில கிலோமீட்டரில் இருக்கும் சுவாமிமலைக்கு ஒரு நடை போய்வாருங்கள். மெழுகின் குணத்தை விரல்நுனியில் வைத்திருக்கும் ஊர் அது. வார்ப்புச் சிற்பம் செய்யும் ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். குங்கிலியம் இறுக்கம் தரும், எண்ணெய் இளக்கம் தரும். அந்த மெழுகில் பிடித்த உருவத்தைத் தண்ணீரில் போட்டு இறுக வைக்கிறார்கள். மேலே காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவிட்டுச் சூடு காட்டினால் மெழுகு உருகி ஓட, அந்த இடத்தில் உலோகம் இறங்குகிறது. விரல் சூட்டில் வளைய வேண்டும், ஆனால் வைத்த இடத்தில் தொய்யக் கூடாது. சட்டை மெழுகுக்கும் பதம் இதேதான்.

டப்பாவில் வரும் இறக்குமதி மெழுகு பிரிட்டனின் குளிருக்குக் கலந்தது. நம் சித்திரை வெயிலில் அது நெய்போல இளகி, வண்டி சீட்டிலும் பஸ் சீட்டிலும் பக்கத்தில் உட்கார்ந்தவர் வேட்டியிலும் ஒட்டும். இங்கே கொஞ்சம் இறுக்கமான கலவைதான் நிற்கும். இடுப்புக்குக் கீழே இறங்கும் ஒரு சட்டைக்குத் தேன்மெழுகு 60 கிராம், பாராஃபின் மெழுகு 80 கிராம், வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி 60 கிராம் போதும். தேன்மெழுகு நாட்டு மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள். அது உருக 62 முதல் 64 டிகிரி செல்சியஸ் வேண்டும், கலவைக்கு முதுகெலும்பு அதுதான். நேராக அடுப்பில் வைக்காதீர்கள், மெழுகின் ஆவி தீப்பிடிக்கும். அகன்ற பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதற்குள் மெழுகுக் கிண்ணத்தை இறக்கி உருக்குங்கள். ஒரு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டு ஆறியதும் நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். பொடியாக உதிர்ந்தால் ஜெல்லி கூட்டவும், வழவழவென்று இழுபட்டால் தேன்மெழுகு கூட்டவும். தேங்காய் எண்ணெய் சேர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். சிக்கு வாடை அடிக்கும், எலியும் கரப்பானும் தேடி வரும். ஆளிவிதை எண்ணெயும் வேண்டாம். அது தோய்ந்த கந்தலைக் கசக்கிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும்.

மெழுகு போட நல்ல நேரம் புரட்டாசியில் வானம் வெளுத்த ஒரு நாள், பதினொரு மணிக்கு மேல், மொட்டைமாடி. குளிர்நாட்டில் ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பார்கள். இங்கே அந்த வேலையைச் சூரியன் செய்கிறது. முதலில் காய்ந்த பிரஷ்ஷால் மண்ணைத் தட்டி, பச்சைத் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சால் துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். சோப்போ சுடுதண்ணீரோ வாஷிங் மெஷினோ பட்டால் உள்ளே ஊறிய மெழுகும் சேர்ந்து போய்விடும். பழைய பாயின் மேல் செய்தித்தாள் விரித்து, சட்டையை முதுகு மேலே தெரியும்படி போட்டுக் கால்மணி நேரம் சுடவையுங்கள். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். பழைய வேட்டித் துண்டை உருகிய மெழுகில் தொட்டு, உள்ளங்கை அகலத்துக்கு உள்ளங்கை அகலமாக வட்டம் போட்டுத் தேய்த்துக்கொண்டே போங்கள். முதலில் வெள்ளைப் படலமாக நிற்கும் மெழுகு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே துணிக்குள் இறங்கி, நிறம் ஈர மண்போல ஆழமாகும். தையல்களில் மட்டும் இரண்டு தடவை. காலர், உள்லைனிங், பாக்கெட்டின் உள்பக்கம், ஜிப் பற்கள் மேல் மெழுகு படக் கூடாது. முடிந்ததும் சுத்தமான துணியால் அழுத்தித் துடைத்து மிச்சத்தை எடுங்கள். கூடுதலாகப் போட்டால் நல்லது என்று நினைப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. ஊறாத மெழுகு மேலே நின்று மடிப்பில் வெள்ளைக் கோடாக வெடிக்கும், தூசியையும் இழுத்து வைக்கும். பிறகு நிழலில் இரண்டு நாள் தொங்கவிட்டால் உடுத்தலாம். வருஷா வருஷம் மெழுகு போட்டுவரும் சட்டைக்கு மேலே சொன்ன அளவில் பாதி போதும்.

இனி ரோட்டுக்கு வருவோம். கார்த்திகையில் இந்தப் பக்கம் பகல் சூடு 28 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். மெழுகுச் சட்டை போட்டு நடந்தால் கால்மணியில் உள்ளே வேர்த்துக் கொட்டும், அதை மறைத்துப் பயனில்லை. நடைக்கு இது ஆகாது. வண்டியில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில், நனைந்த காற்று நெஞ்சில் மோதும்போதுதான் இதன் அருமை புரியும். உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். கழுத்து வழியாக இறங்கும் தண்ணீருக்கு ஒரு காடாத் துண்டைச் சுற்றிக் காலரை மேலே பூட்டுங்கள். உட்கார்ந்து ஓட்டும்போது மடியில் குளம்போலத் தண்ணீர் தேங்கி, ஜிப்பின் அடிநுனி வழியாக உள்ளே போகும். ஜிப்பை மூடும் மடல் பட்டனைக் கீழ்வரை போட்டு, சட்டையின் முன்பக்கத்தைத் தொடைமேல் இழுத்துவிட்டால் வழிந்து ஓடிவிடும். காலுக்குத் தனியாக மழைப் பேண்ட் வேண்டும். டீக்கடையில் நிற்கும்போது சட்டையைக் கழற்றி நிழலில் மாட்டுங்கள். மழை விட்டு வெயில் அடிக்கும் நேரத்தில் கறுப்பு சீட்டின் மேல் போட்டால் மெழுகு சீட்டுக்கு இடம் மாறியிருக்கும்.

கோடியக்கரையில்தான் இந்தச் சட்டை தன் பிறவிப்பயனை அடைகிறது. 1967இல் சரணாலயமான காடு இது. வெளிமான்களும், பனிக்காலத்தில் வரும் பூநாரைகளும்தான் ஜனங்களை இழுப்பவை. ஆனால் காட்டோரமெங்கும் சீமைக்கருவேலம். அதன் முள் ஒருமுறை மாட்டினால் நைலான் கோட்டு ஒரு முழத்துக்குக் கிழியும். மெழுகுத் துணியில் முள் வழுக்கிப் போகும், குத்தினாலும் சின்னப் புள்ளியோடு நிற்கும். பார்பர் நிறுவனத்து மெழுகு டப்பாவின் பெயரே முள் தாங்கும் பூச்சு என்ற பொருளில்தான் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. நைலான் ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும், வெளிமான் காது அதை வெகுதூரத்தில் பிடித்துவிடும். மெழுகுத் துணி சத்தம் போடாது. விடியலில் உப்பங்கழி ஓரத்தில் அசையாமல் நிற்கும்போது கொசுவின் ஊசியும் இறங்காது.

முள் குத்திய ஓட்டையை அன்றைக்கே கவனிக்க வேண்டும். சின்னப் புள்ளியானால் விரல் சூட்டில் கொஞ்சம் மெழுகு அமுக்கினால் அடைந்துவிடும். கிழிசலானால் ஒட்டுப் போட வேண்டும். பசை மெழுகில் பிடிக்காது, ஊசி நூல்தான். உள்மடிப்பில் மிஞ்சிய துணியில் ஒட்டு வெட்டி, மெழுகு தேய்த்த நூலால் நெருக்கமாகத் தைத்து, தையல்மேல் மெழுகு ஏற்றுங்கள். சாதாரண மெஷின் டெய்லர்கள் மெழுகு ஊசியில் அடைக்கும் என்று தயங்குவார்கள். செருப்புத் தைக்கிறவரிடமோ லாரி தார்ப்பாய் தைக்கிறவரிடமோ கொடுத்தால் கச்சிதமாக முடியும்.

திரும்பும் வழியில் வேதாரண்யம் உப்பளங்களை ஒட்டி வண்டி ஓட்டியிருந்தால், வீடு சேர்ந்ததும் முதல் வேலை உப்பை எடுப்பது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பித்தளை ஜிப்பும் பட்டனும் பச்சைக் களிம்பு பூக்கும். நல்ல தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் ஜிப் பற்களில் மெழுகுவர்த்தித் துண்டால் ஒரு இழுப்பு. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போனால் உயிர்காப்பு ஜாக்கெட்டை இதற்கு மேலேதான் கட்ட வேண்டும், அடியில் அல்ல. நனைந்த பருத்தி கனக்கும்.

மார்கழி முடிந்து சட்டையை உள்ளே வைக்கும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிளாஸ்டிக் கவரில் சுருட்டிப் பீரோவில் வைத்தால் அடுத்த மழைக்குள் பூஞ்சை சாம்பல் பூத்திருக்கும். அகலமான மர ஹேங்கரில், காற்று புகும் பழைய வேட்டியைப் போர்த்தி, சுவரைத் தொடாமல் தொங்கவிடுங்கள். நாப்தலின் உருண்டை வேண்டாம், அந்த நாற்றம் மெழுகில் ஏறினால் இறங்காது. பூஞ்சை வந்துவிட்டால் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வெளியில் வைத்து பிரஷ்ஷால் தட்டி, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, வெயில் காட்டி, அந்த இடத்துக்கு மட்டும் புதிதாக மெழுகு போடலாம். இழைக்குள் இறங்கிய கறுப்புப் புள்ளி போகாது. ஆனால் அதனால் மழை ஒழுகாது.

பழைய சட்டை வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். வெளிறிப்போனது மெழுகு இல்லாத அடையாளம் மட்டுமே, அதை ஒரு மதியத்தில் சரிசெய்துவிடலாம். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துத் தோளிலும் முழங்கையிலும் ஊசித்துளைகள் தெரிகிறதா பாருங்கள். தையலின் இரண்டு பக்கமும் பிடித்து நிதானமாக இழுங்கள். நூல் அறுந்தால் சமாளிக்கலாம், துணியே வாய்விட்டால் இற்றுப்போய்விட்டது. கடைசியாக அக்குளில் மூக்கை வைத்து முகர வேண்டும். புளித்த வாடை லைனிங்கில் ஊறியிருந்தால் எத்தனை வெயிலிலும் அது போகாது, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.