4.3 கோடி, 32.9 கோடி

நியூசிலாந்துத் தலைநகர் வெலிங்டனில் டவுன் ஹால் பக்கம் போகும்போதெல்லாம் வயிறு எரிகிறது. 1904இல் திறந்த செங்கல் கட்டடம். நிலநடுக்க ஆபத்து என்று 2013இல் மூடினார்கள். அப்போது வலுப்படுத்தும் செலவு சுமார் 4.3 கோடி நியூசிலாந்து டாலர் என்றார்கள், 2023இல் அது 32.9 கோடி வரை போகலாம் என்று நகராட்சியே சொன்னது.

எஞ்சினியர் கூலி அதிகம் என்று புலம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் நிற்கும் நூறு வருஷக் கட்டடத்தில், தோண்டிப் பார்க்கும்வரை அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. அதனால் மண் பரிசோதனைக்கும், சுவரை அங்கங்கே உடைத்துப் பார்ப்பதற்கும் முதலிலேயே நல்ல ஆளைப் பிடித்துப் பணம் கொடுத்துவிட வேண்டும், அங்கே மிச்சம் பிடித்தால் அப்புறம் காண்ட்ராக்டர் பில்லில் பல மடங்காகத் திரும்பி வரும். குறைந்த டெண்டருக்கே வேலை என்றால் முதலில் வெட்டுப்படுவது இந்தப் பரிசோதனைதான்.

இத்தனைக்கும் நிலநடுக்க அதிர்வைக் குறைக்கக் கட்டடத்துக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவே வைக்கிற, ஈயத் தண்டு சொருகிய ரப்பர் தாங்கியை 1970களில் கண்டுபிடித்ததே நியூசிலாந்துக்காரர் பில் ராபின்சன்தான். இதே ஊரில் தெ பாபா அருங்காட்சியகத்துக்கு அடியில் இறங்கினால் பார்க்கலாம். ரப்பரும் எஃகுத் தகடும் மாறி மாறி அடுக்கிய கறுப்புக் கட்டை. தரை ஆடும், மேலே கட்டடம் மெதுவாக அசையும், அவ்வளவுதான்.

என் பையன் அதைப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானாப்பா?" என்றான்.