பாங்காக்கில் ஓவர்ஸ்டே: மாமாவை ஊருக்கு அனுப்பிய பாடு

தாய்லாந்தில் விசா தேதி தாண்டினால் நாளுக்கு 500 பாட் (தாய்லாந்துப் பணம்) அபராதம், எவ்வளவு நாள் ஆனாலும் 20,000 பாட்டுக்கு மேல் போகாது. இது இங்கே வசிக்கிற நம்மவர்கள் எல்லோருக்கும் தெரியும். "ஏர்போர்ட்டில் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதானே" என்பார்கள். கட்டுவது சுலபம்தான். கட்டுகிற இடம்வரை போய்ச் சேருவதில்தான் எங்களுக்கு உயிர் போனது.

பேத்தியைப் பார்க்க மாமா, அதாவது என் மாமனார், தனியாக வந்தார். 2024 ஜூலை 15 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, அவர் வந்தபோது இந்தியர்களுக்கு விசா இல்லாமலேயே 60 நாள் தங்க அனுமதி இருந்தது. அதைக் கணக்கு வைத்துத்தான் திரும்பும் டிக்கெட்டும் போட்டிருந்தோம். ஆனால் ஊரில் டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜெண்ட், விசா ஆன் அரைவல், அதாவது வந்து இறங்கியதும் பணம் கட்டி வாங்குகிற விசாவுக்கான படிவத்தை நிரப்பி, போட்டோ ஒட்டி, 2,000 பாட்டையும் ஒரு கவரில் போட்டு மாமாவிடம் கொடுத்து, "இறங்கியதும் இந்தக் கவுண்டருக்குப் போங்க சார்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதற்கு ஒரு சேவைக் கட்டணம் வேறு. மாமா மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். படிவம் என்று ஒன்று கையில் இருந்தால் அதைக் கொடுக்காமல் நகர மாட்டார். கொடுத்தார். 15 நாளுக்கு முத்திரை விழுந்தது.

இது தெரியவந்தது ஹுவா ஹின்னில். கடற்கரைக்குப் போகலாம் என்று எல்லோரும் கிளம்பிப் போனோம். விடுதி வரவேற்பில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள், ஒரு பக்கத்தில் நின்றாள், முத்திரையின் கீழ் வரியில் நகத்தை வைத்து என் பக்கம் திருப்பினாள். வந்த தேதிக்குக் கீழே, எதுவரை தங்கலாம் என்ற தேதி. அது போய் வாரக்கணக்காகியிருந்தது.

திரும்பி வந்து முதல் வேலையாக எங்கள் பகுதி குடிவரவு அலுவலகத்துக்கு ஓடினோம். 1,900 பாட் கட்டினால் நீட்டிப்புத் தருவார்களே, கூடவே அபராதத்தையும் வாங்கிக்கொள்ளட்டும் என்ற நப்பாசை. டோக்கன் கொடுக்கிற இடத்தில் இருந்தவர் பாஸ்போர்ட்டைத் திறக்கவே இல்லை. "டிஎம்30 ரசீது எங்கே?" என்றார். வெளிநாட்டுக்காரர் யாராவது தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் தெரிவிக்க வேண்டிய படிவம் அது. எங்கள் கட்டட அலுவலகத்தில் அதை யாரும் கண்டுகொள்வதில்லை. அவர்கள் கையைக் காலைப் பிடித்து, தாமதத்துக்கு அவர்கள் கொட்டிய முணுமுணுப்பையும் வாங்கிக்கொண்டு, ரசீதோடு மறுபடி போய் நின்றோம். பன்னிரண்டு ஆனதும் சாப்பாட்டு இடைவேளை. ஒரு மணிக்குத் திறந்த பிறகு வேறொரு அம்மாள் பாஸ்போர்ட்டைத் திறந்தார், தேதியைப் பார்த்தார், மூடினார். "தேதி முடிவதற்குள் வந்தால்தான் நீட்டிப்பு. இனி இங்கே ஒன்றும் இல்லை. ஏர்போர்ட்டில் கட்டிவிட்டு ஊருக்குப் போகச் சொல்லுங்கள்." ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். "இதை எழுத்தில் தர முடியுமா?" என்று மாமா பழக்கதோஷத்தில் கேட்டார். அந்த அம்மாள் சிரித்துவிட்டு அடுத்த டோக்கனை அழைத்தார்.

வெளியே வந்தால் ஒரு தரகர். முத்திரையைச் 'சரிசெய்து' தருவாராம். அவர் கேட்ட தொகை அபராதத்தைவிட இரண்டு மடங்கு. தயவுசெய்து இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். தேதி தாண்டியது அபராதத்தோடு போய்விடும், போலி முத்திரை ஜெயில் சமாச்சாரம்.

பலருக்குத் தெரியாத முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. 2016 மார்ச் 20 முதல் நடைமுறையில் இருக்கிற விதிப்படி, நாமாகப் போய் ஆஜரானால் ஒரு நியாயம், பிடிபட்டால் வேறு நியாயம். நாமாக வெளியேறினால் 90 நாள் தாண்டாதவரை அபராதம் மட்டும்தான். 90 நாளுக்கு மேல் என்றால் ஓராண்டு வரத் தடை, ஒரு வருடம் தாண்டினால் மூன்றாண்டு, மூன்று வருடம் தாண்டினால் ஐந்தாண்டு, ஐந்து வருடம் தாண்டினால் பத்தாண்டு. ஆனால் வழியில் பிடிபட்டால், தாண்டியது சில நாட்களே என்றாலும் ஐந்தாண்டுத் தடை. ஒரு வருடத்துக்கு மேல் என்றால் பத்தாண்டு. காவல், நீதிமன்றம், நாடு கடத்தல் எல்லாம் தனி. 20,000 பாட் உச்சவரம்பை நம்பி 'இனி எத்தனை நாள் இருந்தால் என்ன' என்று உட்கார்ந்துவிடுகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

இதைப் படித்துக் காட்டியதில் இருந்து மாமா வீட்டு வாசலைத் தாண்டவில்லை. சீலோம் மாரியம்மன் கோயிலுக்குக் கூட வரமாட்டேன் என்றுவிட்டார். லிஃப்டில் காவலாளி வணக்கம் வைத்தால் பம்முவார். "மாப்பிள்ளை, முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் ஒரு மெமோ வாங்கினதில்லை" என்று ராத்திரி ராத்திரி புலம்பல். டிக்கெட்டை முன்னால் மாற்றினோம். அதற்கு ஆன செலவு அபராதத்தில் மிச்சமாகிற தொகையைவிட அதிகம்தான், இருந்தாலும் அவருடைய ரத்த அழுத்தத்துக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

ராத்திரி விமானம் பிடிப்பவர்களுக்கு: விமானம் கிளம்புகிற நேரம் கணக்கில்லை, குடிவரவைக் கடக்கிற நேரம்தான் கணக்கு. பன்னிரண்டு மணிக்கு முன்னால் கடந்துவிட்டால் ஒரு நாள் அபராதம் மிச்சம். நாங்கள் நான்கு மணி நேரம் முன்பே சுவர்ணபூமி விமான நிலையத்துக்குப் போய்விட்டோம்.

வழியனுப்ப வருபவர் உள்ளே போக முடியாது. அதனால் மாமாவின் சட்டைப் பையில் ஒரு காகிதம் வைத்தேன். என் அலுவலகத் தோழியிடம் தாய் மொழியில் எழுதி வாங்கியது: தேதி தாண்டிவிட்டது, அபராதம் கட்ட வந்திருக்கிறேன், பணம் கையில் இருக்கிறது, மகளின் தொலைபேசி எண் இது. வயதானவர்களைத் தனியாக அனுப்புகிறவர்கள் கட்டாயம் இப்படி ஒன்றை எழுதிக் கொடுங்கள். கவுண்டரில் அதை நீட்டியதும் அதிகாரி ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்து அறைக்கு அழைத்துப் போயிருக்கிறார். கால்குலேட்டரில் நாட்களைத் தட்டி மாமாவிடம் திருப்பிக் காட்டினாராம். மாமா ஏற்கெனவே போட்டு வைத்திருந்த கணக்கோடு சரியாகப் பொருந்தியதில் அவருக்கு அத்தனை திருப்தி. கையெழுத்து, ரசீது, பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை, அவ்வளவுதான். பணம் ரொக்கமாக, பாட்டாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன் கார்டை நீட்டிக்கொண்டு நின்றானாம். "அவனுக்கு ஃபிளைட் கிடைத்ததோ என்னவோ" என்று வாட்ஸ்அப்பில் கவலைப்பட்டார் மாமா.

ஊருக்குப் போன மறுநாளே ரசீதோடு ஏஜெண்ட் கடையில் போய் உட்கார்ந்திருக்கிறார். முழுக்க தாய் எழுத்து, வருடம் 2568. "இது என்ன சார், போலி ரசீதா?" என்று அந்த ஆள் கேட்க, அங்கே புத்த ஆண்டுதான் போடுவார்கள் என்று மாமா அரை மணி நேரம் வகுப்பெடுத்திருக்கிறார். சேவைக் கட்டணம் திரும்ப வந்துவிட்டது. விசாவுக்குக் கட்டிய 2,000 பாட்டுக்கும் அபராதத்துக்கும் "அடுத்த வாரம் பார்க்கலாம் சார்" என்று இழுத்துக்கொண்டிருக்கிறார். மாமாவும் விடாமல் வாரா வாரம் போய்க்கொண்டுதான் இருக்கிறார்.