கிரேடிங்கில் ஜெயித்து மாட்டிக்கொண்ட கதை

மெல்பர்னில் ஒரு சனிக்கிழமை, காலை எட்டரை மணி ஆட்டம். ஸ்கோர் மேசையில் டேப்லட்டும் கையுமாக நான். இங்கே கிளப் கூடைப்பந்தில் அணிக்கு ஒரு பெற்றோர் அந்த மேசையில் உட்கார்ந்தே ஆக வேண்டும். எதிரணியில் ஒரே பெண்ணின் எண்ணைத் தட்டித் தட்டி எனக்கே கூச்சமாகிவிட்டது. தண்ணீர் குடிக்க வந்த என் மகள் ஸ்கோர் போர்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அம்மா, அதைக் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணி வைக்க முடியாதா?" என்றாள். அப்போது 38-க்கு 4. முடிந்தபோது 46-க்கு 4.

அதற்கு முந்தைய வாரமும் ஏறக்குறைய இதே கதைதான். 12 வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவு. பெயர்தான் ஒரே பிரிவு. பத்து வயது இப்போதுதான் ஆன பிள்ளையும் இருக்கும், பன்னிரண்டைத் தொடப்போகிற பிள்ளையும் இருக்கும். எங்கள் அணியில் ஏழு பேர், அதில் ஐந்து பேர் பத்து வயதுக்காரிகள். எதிரே நின்றவர்களுக்கு இவர்கள் தோள் உயரம்கூட இல்லை.

திருச்சியில் நான் படித்த பள்ளியில் பெண்களுக்கு த்ரோபால் மட்டும்தான். அதனால் கிரேடிங் என்ற சொல்லையே டீம் மேனேஜர் வேலை தலையில் விழுந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். முதல் தவறும் அங்கேதான். இவ்வளவு பலமான அணிகளோடு எங்களைப் போட்டது கிளப்தான் என்று நினைத்து எங்கள் கோச்சிடம் போய்ப் பொரிந்தேன். கோச் என்றால் யாரோ பெரியவர் இல்லை. பதினாறு வயதுப் பெண், அதே கிளப்பின் பெரிய அணியில் ஆடுபவள், சம்பளம் வாங்காமல் வந்து சொல்லிக்கொடுக்கிறாள். பாவம், முகம் சிவந்து நின்றாள். விஷயம் என்னவென்றால், பிள்ளைகளை அணிகளாகப் பிரிப்பது கிளப். அந்த அணிகளை ஏ, பி, சி என்று கிரேடுகளில் வைப்பது கிளப்புகளுக்கு மேலே இருக்கும் அசோசியேஷன். சீசனின் முதல் நான்கு வாரம் கிரேடிங் ஆட்டங்கள். அவை புள்ளிப் பட்டியலில் சேராது. யார் யாரை எத்தனை பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள் என்று பார்த்து அணிகளை மேலே கீழே நகர்த்துவார்கள். அதன் பிறகுதான் நிஜப் போட்டி.

பெற்றோர் நேராக அசோசியேஷனுக்கு எழுதக் கூடாது என்பதும் பிறகுதான் தெரிந்தது. எங்களைக் கீழ் கிரேடுக்கு மாற்றச் சொல்லி நான் அனுப்பிய மூன்று பக்க மின்னஞ்சலுக்கு, "உங்கள் கிளப் வழியாக வரவும்" என்று ஒரு வரி பதில். கிளப்பில் இதைப் பார்க்கும் பெண்மணி பகலில் நர்ஸ், இரவில் இந்த வேலை. அவர் என் கடிதத்தைப் படித்துவிட்டு, "அழுகையை எடுத்துவிட்டு எண்களைக் கொடு" என்கிற மாதிரி நாசூக்காகச் சொன்னார். ஆட்டத் தேதி, ஸ்கோர், அன்று யார் யார் ஆடினார்கள், யார் எத்தனை பாயிண்ட் போட்டார்கள். எல்லாம் ஸ்கோர் பதிகிற பிளேஎச்க்யூ செயலியிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதத் தொடங்கினேன்.

எழுத எழுதத்தான் உறைத்தது. கிரேடிங்கின் இரண்டாவது ஆட்டத்தை நாங்கள் 22-க்கு 14 என்று ஜெயித்திருக்கிறோம். அன்று ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னும் இரண்டு பேர் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போய்விட்டார்கள். ஆள் இல்லாமல், மேல் அணியிலிருந்து ஒரு பெண்ணை அந்த ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தோம். அவள் ரெப் பிள்ளை. அதாவது வெள்ளிக்கிழமை இரவுகளில் விக்டோரிய ஜூனியர் லீகில் அசோசியேஷனுக்காக ஆடுபவள். எங்கள் 22 பாயிண்டில் 16 அவள் போட்டது. மேல் கிரேடு ஆட்டக்காரரைக் கீழே இறக்கி ஆடவைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் கிரேடிங் வாரங்களில் யாருக்கும் கிரேடே முடிவாகவில்லையே, எதை மேல் என்பது? ஆக, விதியை மீறவில்லை. அன்று ஸ்டேடியத்திலேயே அதிகம் கத்திக் கொண்டாடியது நான்தான். அந்த ஒரு வெற்றிதான் எங்களைக் கொண்டுபோய் பி கிரேடில் உட்கார்த்தியிருந்தது.

இதை எழுதலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த சீசன் கிரேடிங்ல நாலு மேட்ச்லயும் தோத்துட்டா தானா கீழ போட்டுடுவாங்க, எதுக்கு இவ்வளவு கணக்கு?" என்றார். "பிள்ளைங்ககிட்ட அதைச் சொல்லப்போறது நீங்களா?" என்றேன். டிவி பக்கம் போய்விட்டார். எழுதியே அனுப்பினேன்.

பத்து நாளில் பதில் வந்தது. எங்களைச் சி கிரேடுக்கு இறக்குகிறார்கள். ஆனால் சும்மா இறக்கினால் பி-யில் ஓர் அணி குறைந்து வாரம் ஓர் அணிக்கு ஆட்டம் இல்லாமல் போகும். அதனால் சி-யில் எல்லோரையும் முப்பது பாயிண்டில் அடித்துக்கொண்டிருந்த ஓர் அணியை எங்கள் இடத்துக்கு ஏற்றிவிட்டார்கள். என் விண்ணப்பத்தின் மறுமுனையில் இன்னொரு ஏழெட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கேன்டீன் வரிசையில் அந்த அணியின் மேனேஜர் எனக்கு முன்னால் நின்றிருந்தார். நல்ல மனுஷி, சத்தம் போடவில்லை. இரண்டு வருஷம் தோற்றுத் தோற்று இந்த சீசனில்தான் எங்கள் பிள்ளைகள் ஜெயிக்கத் தொடங்கினார்கள், அதற்குள் மேலே தூக்கிவிட்டார்களே என்றார். என்ன சொல்வது? அவர்கள் இருந்த இடமும் அவர்களிடம் தோற்றவர்களுக்கு நியாயம் இல்லைதான். அதை நான் சொல்ல வாய் வரவில்லை. காபிக்கு நான் காசு கொடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்.

சி கிரேடில் எங்களுக்கு ஆட்டம் ஆட்டமாக இருந்தது. இரண்டு பாயிண்ட், ஐந்து பாயிண்ட் என்று ஜெயிப்பதும் தோற்பதுமாகப் போனது. அரையிறுதியில் 3 பாயிண்டில் வெளியேறினோம். என் மகள் அழுதாள், ஆனால் ஸ்கோர் போர்டை அணைக்கச் சொல்லவில்லை. அந்த இன்னொரு அணி பி-யில் நடுவாந்தரமாக முடித்தது என்று செயலியில் பார்த்துக்கொண்டேன்.

இப்போது புது சீசன். கிரேடிங் முதல் வாரமே இரண்டு பேருக்கு உடம்பு சரியில்லை. வெள்ளி இரவு கிளப்பிலிருந்து மெசேஜ்: மேல் அணியில் ஒரு பெண் சும்மாதான் இருக்கிறாள், அனுப்பட்டுமா? கோச்சிடம் கேட்டேன். "ஐந்து பேர் இருக்கிறார்களே, போதும்" என்றாள். மாற்றுக்கு ஒருத்தரும் இல்லாமல் ஐந்து பேரோடு ஆடி, 14 பாயிண்டில் தோற்றோம்.