பூச்சி இருந்தால் நல்ல தண்ணீரா?

போன மாதம் திருநெல்வேலியில் தாமிரபரணியின் குறுக்குத்துறையில், முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று கல் கல்லாகப் புரட்டிக்கொண்டிருந்தோம், நானும் நண்பரும். கையில் சமையலறைச் சல்லடை, ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஆச்சி ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேவிட்டார். "என்னய்யா தேடுதிய?"

பூச்சி பார்க்கிறோம் என்றேன்.

"பூச்சி கெடந்தா தண்ணி கெட்டுப்போச்சின்னுல்லா அர்த்தம்?"

எந்தப் பூச்சி என்பதைப் பொறுத்தது ஆச்சி.

தாமிரபரணி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழக்கமாகப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து லேபுக்கு அனுப்புவார்கள். தப்பில்லை. குளிக்கிற தண்ணீர் என்றால் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது கரைந்த ஆக்சிஜன் இருக்க வேண்டும், பி.ஓ.டி. (கலந்த கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்கிற ஆக்சிஜனின் அளவு) 3-ஐத் தாண்டக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். ஆனால் பாட்டில் அந்த நிமிடத்தை மட்டும்தான் சொல்லும். சாக்கடை கலக்கிற இடத்தில் பாசி மண்டிக் கிடக்கும், மதியம் 3 மணிக்குப் போனால் வெயிலில் அந்தப் பாசியே ஆக்சிஜனை விட்டுக்கொண்டிருக்கும், எண் பிரமாதமாக வரும். இரவு முழுக்க அதே பாசி ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியற்காலையில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். விடியற்காலை 5 மணிக்கு யார் பாட்டிலோடு போகிறார்கள்?

பூச்சி அப்படியில்லை. கல்லுக்கடியில் வாரக்கணக்கில், சிலது மாதக்கணக்கில் குடியிருக்கிறது, வந்ததையெல்லாம் அனுபவித்தாக வேண்டும். பாபநாசத்துக்கு மேலே கல்லைத் தூக்கினால் தட்டையான உடம்பும் வாலில் மூன்று இழையுமாக ஒன்று சரசரவென்று ஓடும், மேஃபிளை என்கிற சிறகுப் பூச்சியின் குஞ்சு. இன்னொன்று தன் வாயிலிருந்து வரும் பட்டிழையால் மணலை ஒட்டி, அரிசி நீளத்துக்கு வீடு கட்டி அதற்குள் ஒளிந்திருக்கும். சாக்கடை வாய்க்கு வந்தால் இரண்டும் கிடையாது. சேற்றில் நெளிவது செம்புழுதான். அதன் சிவப்பே ஹீமோகுளோபின், ஆக்சிஜன் குறைந்த இடத்திலும் சமாளித்துவிடும். அசுத்தம் தாங்காத பூச்சிக்குக் கூடுதல் என்று இங்கிலாந்துக்காரர்கள் போட்ட ஒரு மதிப்பெண் முறையில் அந்தத் தட்டை உடம்புக்காரனுக்கு 10, செம்புழுவுக்கு 2. அதை அப்படியே நம் ஆற்றுக்குப் போட முடியாது, அவர்கள் ஆறும் வெயிலும் வேறு.

இதில் நான் நன்றாக ஏமாந்த கதை ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 17, 18 மழை நினைவிருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. வெள்ளம் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், எப்போதும் தட்டு நிறைகிற மேல்பக்கத்து இடத்திலேயே ஏழெட்டுப் பூச்சிதான். ஆறு போச்சு என்று புலம்பிக்கொண்டே வந்தேன். நண்பர்தான் சொன்னார், அடியில் கிடந்த கல்லே உருண்டு போயிருக்கிறது, பூச்சி மட்டும் எங்கே நிற்கும்? ஓடைகளில் தங்கியது மெல்ல மிதந்து இறங்கும், சிறகு முளைத்தது பறந்து வந்து முட்டையிடும். கோடையில் இதற்கு நேர் எதிர்: சாக்கடை ஒரு சொட்டு கூடியிருக்காது, ஆற்றில் தண்ணீர் குறைந்ததாலேயே பி.ஓ.டி. ஏறும். அதனால் மதிப்பெண்ணோடு அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் ஓடியது என்பதையும் எழுதி, அதே பருவத்தில் மேலே சுத்தமாக இருக்கும் ஓர் இடத்தோடு ஒப்பிட வேண்டும். மழை இப்படித் தாறுமாறாகப் பெய்கிற காலத்தில் ஒரு வருடக் கணக்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அந்தத் தண்ணீர் அளவோ மேலே அணைகளிலும், கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரையிலான எட்டு அணைக்கட்டுகளிலும் முடிவாகிறது. பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப்போகிற வேட்டி சேலைகளை வாரியெடுக்கத் தன்னார்வலர்கள் வருகிறார்கள், நல்ல விஷயம், போட்டோவும் வரும். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே கோடையில் ஆற்றுக்கென்று எவ்வளவு மிச்சம் வைக்கிறோம் என்று கேட்கத்தான் ஆள் குறைவு.

குறுக்குத்துறைத் தட்டில் அன்றைக்கு நத்தை நாலு, தட்டான் குஞ்சு ஒன்று, மூன்று வால்காரன் சின்னதாக இரண்டு, மற்றதெல்லாம் செம்புழு. ஆச்சி எட்டிப் பார்த்தார்.

"கடிக்குமா?"

கடிக்காது.

"அப்ப எடுத்த எடத்துலயே விட்ருங்க, பாவம்" என்றவர், திரும்பிப் போய் சோப்பு நுரையோடு போர்வையை ஆற்றில் அலசினார்.