இருவர், ஒரு பெட்டி: விசைக் கையுறை, மூன்றாம் மாதக் குறிப்பு

லூசிட்கிளவ்ஸ் என்னும் திறந்த வடிவமைப்பைப் பின்பற்றி நான் செய்த இரண்டு விசைக் கையுறைகளில் (கணினிக்குள் மட்டும் இருக்கும் மெய்நிகர் பொருளைத் தொடும்போது விரலைத் தடுத்து, தொட்ட உணர்வைத் தருபவை) ஒன்று கோவையில் என்னிடமும் மற்றொன்று சிங்கப்பூரில் நண்பரிடமும் உள்ளன. ஒரே மெய்நிகர் பெட்டியை ஆளுக்கொரு முனையில் பிடித்து இருவரும் தூக்க வேண்டும் என்பதே எங்கள் குறிக்கோள்.

விரல் நுனியில் கட்டிய நூல், புறங்கையில் பொருத்திய ஐடி கார்டு சுருளை (இழுத்துவிட்டால் நூலைத் தானே சுற்றிக்கொள்ளும் சுருள்) சுழற்றுகிறது. அந்தச் சுழற்சியை, சுழலும் அளவுக்கேற்ப மின்னழுத்தத்தை மாற்றும் பொட்டென்ஷியோமீட்டர் வழியாக, கையுறையை இயக்கும் சிறு கணினியான ஈஎஸ்பி32 பலகை 0 முதல் 4095 வரையிலான எண்ணாகப் படிக்கிறது. மெய்நிகர் பொருளை விரல் தொட்டதும், சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டார் திரும்பிச் சுருளைத் தடுப்பதால், விரல் அதற்கு மேல் மடங்காது.

ஐந்து விரல்களாலும் ஒரேயடியாகப் பற்றினால் பலகை அணைந்து மீண்டும் தொடங்கிக்கொண்டிருந்தது. ஐந்து சர்வோக்களும் ஒரே நொடியில் மின்சாரத்தை இழுத்ததே காரணம். அவற்றுக்குத் தனி 5 வோல்ட் மின்வழங்கி கொடுத்து, தரை (கிரவுண்ட்) இணைப்பை மட்டும் பொதுவாக்கியதும் அது நின்றது. வைஃபையை இயக்கியவுடன் கட்டைவிரல் எண் உறைந்துபோனதற்குக் காரணம் வேறு: இப்பலகையில் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி பகுதிகள் இரண்டு உண்டு; அவற்றில் இரண்டாம் ஏடிசியின் முனைகளை வைஃபை இயங்கும்போது படிக்க இயலாது. பொட்டென்ஷியோமீட்டர் கம்பிகளை எல்லாம் முதல் ஏடிசிக்கு மாற்றினேன்.

உண்மையான சிக்கல் பெட்டியில்தான் இருந்தது. தொடுதலை என் கணினியே கணக்கிட்டு நண்பருக்கு அனுப்பியது. தகவல் போய்வர ஏறத்தாழ 70 மில்லிநொடி ஆனதால், அவருடைய விரல் பெட்டிக்குள் புதைந்த பிறகே சர்வோ தடுத்தது, புதைந்த விரலைக் கணக்கு வெளியே தள்ளத் தள்ளப் பெட்டி நடுங்கியது. 2002-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்திலும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் இருந்த ஆய்வாளர்கள் அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலிருந்து இதே போன்றதொரு பெட்டியைத் தூக்கிக் காட்டியவர்கள். அவர்களும் இந்தத் தாமதத்தோடுதான் மல்லாடியிருப்பார்கள் என்ற நினைப்பு எனக்குத் தெம்பளித்தது.

இப்போது அவரவர் கணினியே தன்னிடமுள்ள பெட்டி நகலின்மீது விரல் தொடுவதைக் கணக்கிடுகிறது; வலைவழியே செல்வது பெட்டியின் நிலையும் பிடியின் நிலையும் மட்டுமே. நடுக்கம் அறவே நின்றது. வேகமாக இழுத்தால் இரு நகல்களும் ஒரு விரற்கடை விலகி, மெல்லச் சேர்கின்றன. கண்ணுக்கு அது பெரிதாகப் படவில்லை.

எடையை மட்டும் இக்கையுறையால் உணர்த்த முடியாது, ஏனெனில் அது விரலைத் தடுக்கிறதே அன்றிக் கையைக் கீழே இழுப்பதில்லை. நேற்று நண்பர் பிடியை விட்டபோது பெட்டி சாய்ந்ததைப் பார்த்தேன். என் விரல்களுக்கு எதுவும் தெரியவில்லை. எனவே, எதிர்ப்பிடி தளர்ந்தவுடன் அதிரும்படி விரல் நுனிகளில் காசு அளவிலான அதிர்வு மோட்டார்களைத் தைக்கத் தொடங்கியிருக்கிறேன். கட்டைவிரலும் சுட்டுவிரலும் முடிந்துவிட்டன.